தின்று குடித்துக் கூத்தாடச் சொன்னாரா எபிகூரஸ்?

பண்டைய கிரேக்கத் தத்துவ ஞானி எபிகூரஸைப் பற்றி அவர் காலத்திலேயே கிளம்பிய வதந்தி ஒன்று உண்டு. மனுஷன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாந்தி எடுப்பார், அந்த அளவுக்குத் தின்பார் என்று. கிளப்பிவிட்டவர் வெளியாள் இல்லை. அவரிடமே படித்துவிட்டு மனக்கசப்போடு வெளியேறிய திமோக்ரட்டீஸ் என்ற பழைய மாணவர். அதே எபிகூரஸ் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சின்னச் சட்டியில் பாலாடைக்கட்டி அனுப்பி வை, விருந்து சாப்பிடத் தோன்றினால் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று கேட்கிறார். வாந்திக் கதையும் பாலாடைக்கட்டிக் கடிதமும் நமக்குக் கிடைப்பது ஒரே நூலில்தான். கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் டியோஜெனிஸ் லாயர்டியஸ் என்பவர் தொகுத்த தத்துவ ஞானிகளின் வாழ்க்கை வரலாறு அது.

இந்த இரண்டில் வாந்திக் கதைதான் ஜெயித்தது. இன்றைக்கும் அவர் பெயர் ருசியான சாப்பாடு, விலையுயர்ந்த ஒயின், சொகுசு விடுதி என்ற வட்டாரத்தில்தான் புழங்குகிறது. 'இன்பமே வாழ்க்கையின் இலக்கு என்று சொன்ன ஆள்' என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுபவர்கள் அதிகம். அந்த வரி தப்பில்லை. அவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்த வரியில் உள்ள 'இன்பம்' எது என்று கேட்காமல் நகர்ந்துவிட்டால், அவர் எதிர்த்த கருத்தையே அவர் தலையில் கட்டிவிடுவோம். நடந்திருப்பது அதுதான்.

## ஏன் இப்படி ஆனது?

எபிகூரஸ் கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தார். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸ் நகருக்கு வந்து, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தை வாங்கி அங்கேயே பள்ளி நடத்தினார். கி.மு. 270இல் இறந்தார். ஏறத்தாழ 300 சுருள்கள் எழுதினார் என்கிறார்கள். கையில் முழுசாக இருப்பது மூன்று கடிதங்களும் 40 சிறு கூற்றுகளும். வத்திக்கான் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இன்னொரு கூற்றுத் தொகுப்பு கிடைத்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியம் நகரில் புதைந்து கரியான சுருள்களிலிருந்தும் துண்டு துக்காணிகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவுதான்.

அவரை விளாசியவர்களின் நூல்கள் மட்டும் நன்றாகப் பிழைத்துக்கொண்டன. ரோமானிய அறிஞர் சிசரோ, கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இருவரும் எபிகூரஸை மறுத்துப் பக்கம் பக்கமாக எழுதியது அப்படியே இருக்கிறது. பிறகு கிறித்தவ ஐரோப்பா வந்தது. ஆன்மா உடலோடு சேர்ந்தே அழியும் என்று சொன்னவரை அது எப்படிப் பொறுக்கும்? இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் வரும் நரகத்தின் ஆறாவது வட்டத்தில் எரியும் கல்லறைக்குள் அவரைப் போட்டுவிட்டார்.

கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்ற நம் பக்கத்து உலகாயதர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களை மறுத்தவர்கள் எழுதி வைத்தது. 'கடன் வாங்கியாவது நெய் குடி' என்ற வரியை 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தன் சர்வதரிசன சங்கிரகம் என்ற நூலில் மேற்கோளாகக் கொடுத்தார். அதுவே அவர்களுக்கு முகவரியாக நின்றுவிட்டது. எதிராளி எழுதிய முகவரியை வைத்து வீட்டைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

## முதலில் கேள்வியைப் பிடித்துக்கொள்வோம்

ஒருவரிடம் போய், எதற்கு வேலைக்குப் போகிறாய் என்று கேட்டால் சம்பளத்துக்கு என்பார். சம்பளம் எதற்கு? வாடகை கொடுக்க, பிள்ளைகளைப் படிக்க வைக்க. அது எதற்கு? இப்படியே கேட்டுக்கொண்டு போனால் ஓர் இடத்தில், 'எதற்கென்றால்? நன்றாக வாழத்தான்' என்று பதில் நின்றுவிடும். அதற்கு மேல் 'எதற்கு' என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

இந்தச் சங்கிலியில் நடுவில் வருபவை எல்லாம் வேறொன்றுக்காக வேண்டப்படுபவை. அவற்றுக்கு இருப்பது கருவி மதிப்பு. கடைசியில் நிற்பது தனக்காகவே வேண்டப்படுவது. அதற்கு இருப்பது தன்மதிப்பு. கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்களும் வேண்டியிருக்கும்.

கடைசியில் நிற்பது நல்வாழ்வு என்பதில் கிரேக்க ஞானிகளுக்குள் சண்டை இல்லை. அவர்கள் அதை யூடைமோனியா என்றார்கள். ஒரு நேரத்து சந்தோஷ உணர்ச்சியை அது குறிக்கவில்லை. ஒருவருடைய வாழ்க்கை மொத்தத்தில் நன்றாக அமைவதைக் குறித்தது. சண்டை எல்லாம் அந்த நல்வாழ்வுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான்.

அரிஸ்டாட்டில், அறத்தோடு கூடிய செயல்பாடுதான் நல்வாழ்வு என்றார். கூடவே ஓரளவு செல்வம், நண்பர்கள், அதிர்ஷ்டமும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஸ்டோயிக்குகள் என்ற இன்னொரு தத்துவப் பள்ளியினர் இன்னும் கறாரானவர்கள். அறம் ஒன்றே போதும், நோயும் வறுமையும் வந்தாலும் அறவோரின் நல்வாழ்வைத் தொட முடியாது என்றார்கள். எபிகூரஸ் இரண்டு பேரையும் விட்டு விலகி நின்றார். தன்மதிப்பு உள்ளது ஒன்றே ஒன்று, அது இன்பம். அறம் உட்பட மீதி எல்லாமே கருவி.

அவர் காட்டும் சான்று ரொம்ப எளிமையானது. பிறந்த குழந்தையைப் பாருங்கள், யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கும் முன்பே அது இன்பத்தை நாடுகிறது, வலியிலிருந்து ஒதுங்குகிறது. நெருப்பு சுடும் என்பதற்கு வாதம் தேவையில்லாதது போல இன்பம் நல்லது என்பதற்கும் வாதம் தேவையில்லை. இது பெரிய நிரூபணம் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். குழந்தை நாடுகிறது என்பதால் பெரியவர்களும் நாட வேண்டும் என்று ஆகிவிடாது. ஆனால் அவருடைய தத்துவத்தின் ஜீவன் இந்த இடத்தில் இல்லை, அடுத்த படியில் இருக்கிறது.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: கேள்வி நல்வாழ்வு எது என்பது. எபிகூரஸின் பதில் இன்பம். அதற்குத்தான் தன்மதிப்பு, அறத்துக்குக் கருவி மதிப்பு.

## குடம் நிறைந்த பிறகு என்ன?

எபிகூரஸ் பிறப்பதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரட்டீஸ் ஒரு குடக் கதை சொல்கிறார். ஒருவனிடம் நல்ல குடங்கள். சிரமப்பட்டு ஒரு தடவை நிரப்பிவிட்டான், இனி கவலை இல்லை. இன்னொருவனுடைய குடங்கள் எல்லாம் ஓட்டை. ராப்பகலாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் வாழ்க்கை மேல்? எதிரே உட்கார்ந்திருக்கும் காலிக்ளீஸ் அசரவில்லை. குடம் நிறைந்தவனுக்கு ஏது இன்பம், அவன் கல்லு மாதிரி கிடப்பான், எவ்வளவுக்கு எவ்வளவு ஊற்ற முடிகிறதோ அதுதான் இன்பம் என்கிறார்.

இன்பத்தைப் பற்றி நம்மில் பலருக்கும் காலிக்ளீஸின் கருத்துதான் இருக்கிறது. ஊற்றுவதில்தான் இன்பம், ஊற்றுவது நின்றால் இன்பமும் நின்றது. எபிகூரஸையும் இந்தக் கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள். அவரோ நேரெதிர்க் கட்சி. குடம் நிறைந்திருப்பதே இன்பம், அதுதான் பெரிய இன்பம் என்றவர் அவர்.

எப்படி? சித்திரை வெயிலில் நடந்து வந்து வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பதை எடுத்துக்கொள்வோம். குடிக்கும்போது தொண்டையில் இறங்கும் குளிர்ச்சி ஓர் இன்பம். இதை இயங்கும் இன்பம் எனலாம். ஒரு குறை தீர்ந்துகொண்டிருக்கும்போதோ புலன்கள் கிளர்ச்சி அடையும்போதோ வருவது. செம்பைக் கீழே வைத்த பிறகு தாகம் இல்லை, உடம்பு சமநிலையில் இருக்கிறது. இதுவும் இன்பம்தான் என்கிறார் எபிகூரஸ். இது நிலைத்த இன்பம், அதாவது எந்தக் குறையும் உறுத்தாமல் இருக்கும் நிலை. இரண்டில் இலக்கு நிலைத்த இன்பம்தான்.

இனிதான் அவருடைய முக்கியமான கருத்து வருகிறது. நிலைத்த இன்பத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வலி முழுக்க நீங்கிய இடம்தான் அந்த வரம்பு. அதற்கு மேல் இன்பம் கூடாது, விதவிதமாக மாறும், அவ்வளவுதான். தாகம் தணிந்தவருக்கு இளநீரும் கொடுக்கலாம், சர்பத்தும் கொடுக்கலாம். மாற்றம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 'தாகம் இல்லை' என்ற நிலையில் ஒரு சொட்டுகூட அது சேர்க்காது.

உடம்புக்கு இந்த வரம்பு வலியின்மை. மனதுக்கு அடராக்சியா, அதாவது பயமும் பதற்றமும் இல்லாத கலக்கமின்மை. இரண்டும் சேர்ந்து இருந்துவிட்டால் நல்வாழ்வு கிடைத்தாயிற்று. மேற்கொண்டு அதை ஊதிப் பெருக்க வழியும் இல்லை, தேவையும் இல்லை.

அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. வட ஆப்பிரிக்காவில் இன்றைய லிபியாவில் உள்ள சிரீன் நகரத்து ஞானிகள், அரிஸ்டிப்பஸின் வழி வந்தவர்கள், வலி இல்லாமல் இருப்பது இன்பம் என்றால் தூங்குகிறவன்தான் பெரிய இன்பவாதி என்று கிண்டல் செய்தார்கள். இந்தக் கணத்தின் உடல் சுகமே இன்பம் என்பது அவர்கள் கட்சி. இன்றைக்கு எபிகூரஸின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் கருத்து உண்மையில் இவர்களுடையது.

தூங்குகிறவன் கிண்டலுக்கு ஒரு பதில் சொல்லலாம். பல்வலியில் இரண்டு நாள் கிடந்தவருக்கு மூன்றாம் நாள் வலி விட்டதும் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும். அந்த நிலை வெறும் வெற்றிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்பது வேறு விஷயம். மறக்காமல் இருக்கப் பழகுவதைத்தான் எபிகூரஸ் தத்துவப் பயிற்சி என்கிறார்.

சுருக்கமாக, இன்பத்துக்கு எல்லை உண்டு என்பதே அவருடைய அடிப்படை. எல்லை இருப்பதால் அதை எட்டவும் முடியும். எல்லையே இல்லாத இன்பத்தை இலக்காக வைத்தவர் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

## ஆசைகளை மூன்றாகப் பிரிப்பது

வலி நீங்கினால் போதும் என்றால், எந்த வலி எந்த ஆசையால் வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எபிகூரஸ் ஆசைகளை மூன்று கூடையில் போடுகிறார்.

முதலாவது, இயற்கையானது, அவசியமானது. பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், குளிருக்குத் துணி, தலைக்கு மேல் ஒரு கூரை. இதில் நட்பையும் பயமற்ற மனதையும் சேர்த்துக்கொள்ளலாம், அவை இல்லாமல் கலக்கம் தீராது. இந்த ஆசைகள் நிறைவேறாவிட்டால் உண்மையிலேயே வலிக்கும்.

இரண்டாவது, இயற்கையானது, ஆனால் அவசியமில்லாதது. சோறுதான் வேண்டும், ஆனால் இந்தக் கடை பிரியாணியாகத்தான் இருக்க வேண்டும் என்பது. இவற்றால் இன்பம் கூடுவதில்லை, வகை மாறுகிறது. எளிதாகக் கிடைத்தால் அனுபவிப்பதில் தடையே இல்லை. கிடைக்காவிட்டால் அழக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எபிகூரஸைத் துறவியாக்கிவிடுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எதிர்த்தரப்பான ஸ்டோயிக் கட்சியைச் சேர்ந்த ரோமானிய ஞானி செனெகா ஒரு செய்தி சொல்கிறார். எபிகூரஸ் சில நாள்களில் வேண்டுமென்றே மிகக் குறைவாகச் சாப்பிட்டுப் பார்ப்பாராம், முழு இன்பத்தில் ஏதாவது குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு குறைகிறது, அதை ஈடுகட்ட மெனக்கெடுவது தகுமா என்று தெரிந்துகொள்வதற்காக. விரதம் இருப்பவர் இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார். இது சோதனைச்சாலைக்காரரின் புத்தி.

மூன்றாவது, இயற்கையும் இல்லை, அவசியமும் இல்லை. வெற்று அபிப்பிராயத்தில் பிறப்பவை. இதற்குப் பழைய உரைக்குறிப்பு ஒன்று தரும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? தலையில் சூட்டும் கிரீடமும், ஊரில் நிறுத்தும் சிலையும். மாலைக்கும் கட்-அவுட்டுக்கும் பழகிப்போன நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புகழ், அதிகாரம், அளவில்லாத பணம் எல்லாம் இந்தக் கூடையில்தான். இவற்றின் கோளாறு அவை கெட்டவை என்பதில் இல்லை. அவற்றுக்கு நிறையும் புள்ளியே கிடையாது. பசிக்கு 'போதும்' என்று வயிறு சொல்லும். புகழுக்கு 'போதும்' என்று சொல்ல உடம்பில் எந்த உறுப்பும் இல்லை.

இதைக் கேட்டதும் 'ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று புத்தர் சொன்னதுதானே' என்று தோன்றும். பக்கத்தில் வருகிறது, ஆனால் ஒன்றில்லை. எபிகூரஸ் ஆசையின் வேரை அறுக்கச் சொல்லவில்லை, சலித்து எடுக்கச் சொன்னார். பிறவிச் சங்கிலி, விடுதலை எல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை. அவருக்கு இருப்பது இந்த ஒரே வாழ்க்கை.

அவருடைய தோட்டத்து வாசலில், 'வருக, இங்கே இன்பமே உயர்ந்த நன்மை' என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது என்கிறார் செனெகா. படித்துவிட்டு ஆவலோடு உள்ளே போகிறவருக்குக் காவலாளி கொடுப்பது வாற்கோதுமைக் கஞ்சியும் தண்ணீரும். இந்தத் தோட்டம் உன் பசியைக் கிளப்பாது, தணிக்கும் என்பது விளக்கம்.

## மனதைக் கலக்கும் இரண்டு பயங்கள்

உடம்பின் தேவை சுலபமாகத் தீரும் என்றால் மனிதர்கள் ஏன் நிம்மதியாக இல்லை? பயத்தினால் என்கிறார். தெய்வத்தைப் பற்றிய பயம், சாவைப் பற்றிய பயம்.

எபிகூரஸ் நாத்திகர் என்று நினைப்பவர்கள் உண்டு. தெய்வங்கள் இருக்கின்றன என்றுதான் சொன்னார். ஆனால் பூரண நிம்மதியில் இருக்கும் தெய்வத்துக்குக் கோபமோ தாட்சண்யமோ இருக்க முடியாது, அது நம் வீட்டு விவகாரத்தில் தலையிட்டுக்கொண்டிருக்காது. இடியும் கிரகணமும் அணுக்களின் இயக்கத்தால் நடப்பவை, யாரும் அனுப்பும் தண்டனை அல்ல. இயற்பியல் படிப்பதே இந்தப் பயத்தைப் போக்கத்தான் என்றார். விஞ்ஞானத்துக்கும் கருவி மதிப்புத்தான்!

சாவைப் பற்றிய அவர் வாதம் புகழ்பெற்றது. நன்மையும் தீமையும் உணர்வில்தான் இருக்கின்றன. சாவு உணர்வு இல்லாமல் போவது. நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை. அப்புறம் பயம் எதற்கு? சாகும்போது வரும் வலிக்கும் நம்மவர்கள் சாவுக்கும் இந்த வாதம் பதில் சொல்லவில்லை என்பது உண்மை. செத்த நிலையைப் பற்றிய பயத்துக்கு மட்டும்தான் இது மருந்து. அதைத் தாண்டி இழுத்தால் கிழியும்.

அவர் வழி வந்தவர்கள் மொத்தப் போதனையையும் நாலு வரியில் சுருக்கி 'நான்கு பகுதி மருந்து' என்று பெயர் வைத்தார்கள். தெய்வத்துக்கு அஞ்சாதே, சாவுக்குப் பதறாதே, நல்லது எளிதில் கிடைக்கும், கொடியது எளிதில் தாங்கக்கூடியது. ஹெர்குலேனியத்துக் கரிச்சுருள் ஒன்றில் இருந்து இது மீண்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள ஒயினோவாண்டா ஊரில் டியோஜெனிஸ் என்ற முதியவர் இந்தத் தத்துவத்தைப் போகிற வருகிறவர்கள் படிக்க ஒரு நீளமான சுவர் முழுக்கக் கல்லில் வெட்டி வைத்தார். கல் கல்லாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

## அறம் வேலைக்காரியா?

இன்பமே இலக்கு என்றால் அறத்தின் கதி என்ன? ஸ்டோயிக்குகளுக்கு ரத்தம் கொதித்த இடம் இது. அவர்களில் ஒருவரான கிளியாந்தீஸ் மாணவர்களிடம் ஒரு சித்திரத்தைக் கற்பனை செய்யச் சொல்வாராம். இன்பம் பட்டும் நகையுமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அறங்கள் எல்லாம் வேலைக்காரிகளாகச் சுற்றி நின்று அவள் காதில், 'பார்த்தும்மா, மக்கள் மனம் கோணாமல், வலி வராமல் நடந்துகொள்' என்று கிசுகிசுக்கின்றன. இதைவிட அறத்துக்கு அவமானம் உண்டா என்பது கேள்வி.

சித்திரம் தப்பு என்று எபிகூரஸ் சொல்ல முடியாது. மருந்தை ஆரோக்கியத்துக்காக எடுப்பதுபோல அறத்தை இன்பத்துக்காகவே எடுக்கிறோம் என்பது அவர் கட்சியே ஒத்துக்கொண்டது. ஆனால் அவர் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். இந்த ராணியையும் பணிப்பெண்களையும் பிரிக்கவே முடியாது. விவேகமும் நாணயமும் நியாயமும் இல்லாமல் இன்பமாக வாழ முடியாது, அவை இருக்கும்போது இன்பமாக வாழாமலும் இருக்க முடியாது.

காரணம் அவர் இன்பத்துக்குக் கொடுத்த பொருளில் இருக்கிறது. இலக்கு கணநேரச் சுகம் என்றால் அறம் அவ்வப்போது குறுக்கே வரும், திருட்டு மாங்காயும் ருசிக்கத்தானே செய்கிறது. இலக்கு கலக்கமில்லாத மனம் என்றால் திருடியவருக்கு அது கிடைக்காது. எந்த நேரம் யார் பார்த்துவிடுவார்களோ என்ற பதைப்பு கூடவே இருக்கும். இன்று தப்பியவருக்கு நாளையும் தப்புவோம் என்ற உத்தரவாதம் சாகும்வரை இல்லை.

அறங்களில் தலையானது விவேகம். எந்த இன்பத்தை எடுப்பது, எதை விடுவது, பின்னால் வரும் பெரிய நிம்மதிக்காக எந்த வலியை இப்போது தாங்குவது என்று எடைபோடும் திறன் அது. எல்லா இன்பமும் நல்லதே, ஆனால் எல்லா இன்பமும் எடுக்கத் தக்கதல்ல என்பது அவர் சூத்திரம். தத்துவத்தைவிட விவேகம் மேலானது என்றுகூடச் சொல்லிவிட்டார்.

நீதி என்பது வானத்திலிருந்து இறங்கியதும் இல்லை. ஒருவரை ஒருவர் துன்புறுத்தாமல் இருப்போம் என்று மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு சட்டம் சேர்ந்து வாழ்வதற்குப் பயன்படும்வரை நியாயமானது, பயன் போய்விட்டால் நியாயமும் போய்விட்டது. கி.மு. 300 வாக்கில் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆக மூன்று கட்சிகள். அரிஸ்டாட்டிலுக்கு அறம் நல்வாழ்வின் உள்ளேயே இருக்கும் பகுதி. ஸ்டோயிக்குகளுக்கு அறமே நல்வாழ்வு. எபிகூரஸுக்கு அறம் நல்வாழ்வுக்கு வழி, ஆனால் வேறு வழி கிடையாது.

## தோட்டத்து நண்பர்கள்

ஒருவர் முழு வாழ்க்கைக்கும் இன்பமாக இருக்க விவேகம் தேடித் தருபவற்றில் மிகப் பெரியது நட்பு என்றார். கணக்குப் போடும் மனிதர் இப்படிப் பேசுவது முரணாகத் தெரியும். அவர் கணக்கு இதுதான்: நட்பு பயனில் தொடங்குகிறது. ஆபத்தில் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையே பாதிப் பயத்தைப் போக்கிவிடும். நண்பர் உதவுவதைவிட, உதவுவார் என்ற உறுதிதான் அதிகம் உதவுகிறது. ஆனால் எப்போதும் உதவியை எதிர்பார்ப்பவர் நண்பர் அல்ல, உதவியைப் பற்றிய பேச்சே வராதவரும் நண்பர் அல்ல என்றும் சொன்னார்.

தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து படித்தார்கள். அன்றைய ஏதென்ஸில் இது அபூர்வம். வதந்திகளுக்கு இதுவும் தீனி போட்டிருக்கும். லியோன்டியோன் என்ற பெண், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோபிராஸ்டஸை எதிர்த்து நூலே எழுதினார். சிசரோவுக்கு அது பொறுக்கவில்லை, ஆனாலும் நடை நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். சொத்தைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற பிதாகோரஸ் வழியை எபிகூரஸ் ஏற்கவில்லை. நண்பர்களுக்குள் நம்பிக்கை இருந்தால் பொதுச் சொத்து எதற்கு என்று கேட்டார்.

மாசிடோனிய மன்னர் டெமிட்ரியஸ் ஏதென்ஸை முற்றுகையிட்டு ஊரே பட்டினியில் கிடந்தபோது, எபிகூரஸ் அவரைக்காய் விதைகளை எண்ணி எண்ணித் தோழர்களுக்குப் பங்கிட்டு உயிர் காத்தார் என்கிறார் புளூட்டார்க். தன் உயிலில் இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளை வளர்க்க ஏற்பாடு செய்தார், மூஸ் என்ற அடிமையையும் இன்னும் சிலரையும் விடுதலை செய்தார். சுயநலத் தத்துவம் என்று திட்டுகிறவர்கள் இந்த உயிலை ஒரு தடவை படிக்கலாம்.

## எங்கே இடிக்கிறது?

தவறான குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டால் சரியான குற்றச்சாட்டுகள் கண்ணில் படும். கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் அந்தத் திருடர். பிடிபடும் பயமே அவரைத் தடுக்கிறது என்றால், பயமே இல்லாத கல்நெஞ்சுக்காரரை என்ன செய்வது? யாருக்கும் தெரியவே தெரியாது என்று உறுதியான இடத்தில்? சிசரோ இந்தக் கேள்வியை விடாமல் அழுத்தினார். எபிகூரஸின் பதில் இங்கே மெலிந்துதான் போகிறது. அறத்துக்குத் தன்மதிப்பு இல்லை என்றவர் கொடுக்க வேண்டிய விலை இது.

அடுத்தது வலி. கடும் வலி நீடிக்காது, நீடிக்கும் வலி கடுமையாக இராது என்று நான்கு பகுதி மருந்தின் கடைசி வரிக்கு விளக்கம் சொல்வார்கள். மருத்துவமனைப் பக்கம் போனவர்கள் இதை நம்ப மாட்டார்கள். எபிகூரஸ் தானே சிறுநீரகக் கோளாறில் துடித்துச் செத்தவர். கடைசி நாளில் எழுதிய கடிதத்தில், வலி இதற்கு மேல் போக முடியாது, ஆனாலும் நாம் பேசிய பேச்சுகளின் நினைவு தரும் மகிழ்ச்சி அதற்கு எதிரே நிற்கிறது என்கிறார். வலி சுலபமாகத் தாங்கக்கூடியது என்று அதில் அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கலாம். அவருடைய சூத்திரத்தைவிட அந்தக் கடிதம்தான் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

மூன்றாவது அரசியல். 'கண்ணில் படாமல் வாழ்' என்றார், பொது வாழ்க்கை கலக்கத்தின் ஊற்று என்று ஒதுங்கச் சொன்னார். எல்லாரும் தோட்டத்துக்குள் போய்விட்டால் தோட்டத்துச் சுவரை யார் காப்பாற்றுவது? புளூட்டார்க் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதி, கண்ணில் படாமல் வாழச் சொன்னவர் அதைச் சொல்லியே பேர் வாங்கப் பார்த்தாரே என்று மடக்கினார்.

## பெந்தமும் எபிகூரஸும் ஒன்றா?

கடைசியாக ஒரு குழப்பம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரெமி பெந்தம் இன்பத்தையும் வலியையும் வைத்து ஓர் அறவியலைக் கட்டினார். 1789இல் வந்த நூலில் அது விரிவாக இருக்கிறது. பயன்வாதம் என்று பெயர். எந்தச் செயல் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் மொத்தத்தில் அதிக இன்பம் தருகிறதோ அதுவே சரி என்பது அதன் சாரம். எபிகூரஸின் வாரிசு என்றே இதைச் சொல்வார்கள். பாதி சரி. தன்மதிப்பு உள்ளது இன்பம் மட்டுமே என்பது இருவருக்கும் பொது. ஆனால் பெந்தம் இன்பத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்கிறார், எபிகூரஸ் ஒரு வரம்போடு கூட்டல் நின்றுவிடும் என்கிறார். பெந்தம் சட்டம் இயற்றுபவருக்குச் சொல்கிறார், எபிகூரஸ் தன் வாழ்க்கையைச் சரிசெய்ய நினைக்கும் ஒருவருக்குச் சொல்கிறார்.

1974இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் ஒரு கற்பனை எந்திரத்தைக் காட்டினார். அதில் மாட்டிக்கொண்டால் நீங்கள் விரும்பும் அனுபவம் எல்லாம் மூளைக்குள் நிஜம்போல நடக்கும். மாட்டிக்கொள்வீர்களா? பலரும் தயங்குவோம், ஆகவே நமக்கு இன்ப உணர்வைத் தாண்டியும் ஏதோ வேண்டியிருக்கிறது என்பது அவர் முடிவு. எபிகூரஸும் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன், காரணம் மட்டும் வேறாக இருக்கும். நிறைந்த குடத்தில் அந்த எந்திரம் ஊற்ற எதுவும் இல்லை. ஆனால் தீராத வலியில் கிடக்கும் ஒருவர், தோட்டமும் நண்பர்களும் வாய்க்காத ஒருவர், நான் மாட்டிக்கொள்கிறேன் என்றால் அவரைத் தடுக்க எபிகூரஸிடம் ஒரு காரணமும் இருக்காது. அரிஸ்டாட்டிலிடமும் ஸ்டோயிக்குகளிடமும் இருக்கும்.